சிந்த்ரியின் பெயர்

ஜூன் 9
மறுபடியும் அதே கனவு. தம்பி சிந்த்ரி ஈர பூட்ஸோடு அடுப்படியில் உட்கார்ந்திருக்கிறான். வாயே திறப்பதில்லை. கர்ப்பிணியின் கனவில் இறந்தவர் வந்தால் பிள்ளைக்குத் தன் பெயரை வைக்கக் கேட்டு வருகிறார் என்பார்கள் எங்கள் ஆட்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அப்படியானால் ஏன் கணவன் எகிலிடம் சொன்னேன்? அதுவும், அம்மா காதில் போடாதே என்று அத்தனை தடவை?

பனியாற்றுப் பிளவில் விழுந்தான். உடம்புகூடக் கிடைக்கவில்லை. அவன் பெயரை என் பிள்ளைக்கு வைக்க மாட்டேன். பிறக்கும்போதே இன்னொருவனுக்குப் பதிலாளா?

ஜூன் 11
தூக்கமில்லை. எங்கள் வடகோடியில் இந்த மாதம் ராத்திரியிலும் இருட்ட மாட்டேன் என்கிறது.

ஜூன் 14
வருடா வருடம் போல அம்மாவைப் பனியேரிக்கு, சிந்த்ரி விழுந்த பனியாறு உடைந்து வந்து மிதக்கும் இடத்துக்கு, அழைத்துப் போனோம். காரில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வயிற்றுக்குள் பிள்ளை உதைக்கிறான், இடுப்பு வலிக்கிறது, பெட்ரோல் பங்க்கைக் கண்டால் இறங்கியாக வேண்டும்.

வழியில் ஸோல்ஹெய்மா பனியாறு. சின்ன வயதில் காரை விட்டு இறங்கியதும் பனியைத் தொடுவோம்; இப்போது அது எங்கோ பின்னால் போய்விட்டது. எகில் உச்சுக் கொட்டினான். அம்மாவோ, "கரையட்டும். எல்லாம் கரைஞ்சாதானே அவன் இருக்கறதும் கரையும்? சீக்கிரம் வந்துடுவான்" என்றாள்.

வீக் ஊரில் எகில் வறுத்த வெங்காயம் கொட்டிய ஹாட் டாக் வாங்கி வந்தான். தின்றுகொண்டே உளறிவிட்டான். "அத்தை, ஸ்வாலா கனவுல சிந்த்ரி வந்தானாம், சொன்னாளா?"

அவனை அங்கேயே இறக்கிவிட்டுப் போயிருக்க வேண்டும்.

ஏரியில் பனிப்பாறைகள் நீலமும் சாம்பல் கறுப்புமாக மிதந்தன. அம்மா ஒவ்வொன்றையும் உற்றுப் பார்த்தாள். கரையில் ஒரு சுற்றுலாக்காரன் பனித்துண்டைத் தூக்கிப் பிடித்து போட்டோ எடுத்துக்கொண்டிருந்தான். "கீழ வைடா! உங்கப்பன் வீட்டு ஐஸா?" என்று கத்தினாள். அவனுக்கு மொழி புரியவில்லை, ஆனாலும் வைத்துவிட்டான்.

பிறகு பிளாஸ்கைத் திறந்தாள். எங்கள் மூவருக்கும் காபி ஊற்றிவிட்டு, வழக்கம்போல நான்காவது கோப்பையையும் நிரப்பிக் கல்மேல் வைத்தாள்.

"என் கனவுல தெனம் வர்றான். பேரெல்லாம் கேக்கமாட்டான். காபிதான் கேப்பான்."

"சரிம்மா."

"நீ அந்தப் பேரை வைக்காதே, ஸ்வாலா. ஐஸு அவனைத் திருப்பித் தர்றப்போ நான் அவனை என்னன்னு கூப்பிடுவேன்?"

நான் விரும்பியதும் இதுதானே? பிறகு ஏன் கண் நிறைந்தது? கோபம் வேறு. என் பிள்ளைக்குத் தர மாட்டாளாம்! போம்மா, நீயே வச்சுக்கோ அந்தப் பேரை — இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. திரும்பும்போது நான்தான் ஓட்டினேன். வேகமாக.

ஜூலை 2
எகில் பெயர் பெயராகச் சொல்லிப் பார்க்கிறான். ஒன்றும் ஒட்டவில்லை.

ஆகஸ்ட் 3
பையன். சிந்த்ரியின் காதுகள். எல்லோரும் பார்த்தார்கள், யாரும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 20
"பையா" என்றே கூப்பிடுகிறோம். ஞானஸ்நானம் வரை பெயரை வெளியே சொல்லாமலிருப்பது வழக்கம்தான். ஆனால் சொல்லாமலிருக்க ஒரு பெயராவது வேண்டுமே!

ஆகஸ்ட் 31
காலையில் அம்மா வந்தாள். கோட்டைக் கழற்றாமல் தொட்டில் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நேத்து வந்தான்."

"யாரு?" என்றேன், தெரிந்துகொண்டே.

"பூட்ஸைக் கழட்டி வாசல்ல வச்சிட்டு உள்ள வந்தான். என்னைக்குச் செஞ்சிருக்கான் அப்படி? காபி ஊத்தினேன். வேண்டாம்னுட்டான்."

"அப்ப என்னதான் கேட்டான்?"

அவள் தொட்டிலுக்குள் குனிந்து "சிந்த்ரி" என்றாள். தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடியும் கூப்பிட்டாள். பையன் கொட்டாவி விட்டான். மறுக்க வாயெடுத்தேன். எதை மறுப்பது? எனக்கும் அந்தப் பெயர்தான் வேண்டியிருந்தது.

எழுந்துபோய்க் காபி போட்டேன். எகிலும் வந்து உட்கார்ந்தான். அம்மா அலமாரியிலிருந்து கோப்பைகளை எடுத்து வைத்தாள். மூன்று.