கம்பியில் குத்தியிருந்த கார்டு

14.7.1991

அன்பு மகன் இளம்பரிதிக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் உன் தங்கை எழிலரசியும் உடம்பளவில் சுகம், நாக்பூரில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். அப்பாவுக்கு ஒரகடம் ரோட்டில் புதிதாக எழும்புகிற கம்பெனிக்கு மதில் கட்டுகிற வேலை கிடைத்திருக்கிறது, முதுகுவலிதான் விட்டபாடில்லை. சுகம் விசாரிப்பதை இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன் பரிதி, எனக்கு வயிறு எரிகிறது, அதை உன்னிடம் கொட்டாமல் யாரிடம் கொட்டுவது.

எழில் பிளஸ் டூவில் நல்ல மார்க் எடுத்து, காஞ்சிபுரம் பக்கத்துப் பெண்கள் காலேஜில் பி.எஸ்சி. வேதியியலுக்கு விண்ணப்பம் போட்டாள் அல்லவா, அதற்கு இன்டர்வியூ கார்டு வந்தது. ஜூன் 17ஆம் தேதியே வந்துவிட்டது என்று முத்திரை சொல்கிறது. இன்டர்வியூ 24ஆம் தேதி. எங்கள் கையில் கிடைத்தது 28ஆம் தேதி. தபால்காரர் கோபால் என்றைக்குக் காலனிக்குள் வந்தார், நம் தபாலெல்லாம் ஊருக்குள் நரசிம்மன் மளிகைக் கடையோடு நின்றுவிடும், நாம்தான் போய்க் கேட்டு வாங்க வேண்டும் என்பது உனக்குத் தெரியாததா. எழில் இடையில் மூன்று தடவை போய்க் கேட்டிருக்கிறாள், நரசிம்மன் தலையைக்கூட நிமிர்த்தாமல் ஒன்றும் வரவில்லை என்றிருக்கிறார். அன்றைக்கு எண்ணெய் வாங்கப் போனவள், அவர் பில்களைக் குத்தி வைக்கிற கம்பியிலிருந்து ஒன்றை உருவும்போது அடியில் தன் பெயரைப் பார்த்திருக்கிறாள். கம்பி அவள் பெயரின் நடுவிலேயே ஏறியிருந்தது. அழுதுகொண்டே வந்தாள். நான் போய்க் கேட்டதற்கு, "இன்னா கோவிந்தம்மா, ஒரு கார்டுக்கா இம்மாம் கூச்சல்? பொண்ண கம்பெனில பேக்கிங் வேலைக்கு வுடு, மாசமானா சம்பளம் வரும்" என்கிறார். அவர் மகள் காலேஜில் இரண்டாம் வருடம் படிக்கிறாள். அவளுக்கு வந்த கார்டை எந்தக் கம்பியில் குத்தினீர்கள் என்று கேட்டேன், அவர் அடுத்த ஆளுக்குப் பருப்பு நிறுக்கத் திரும்பிக்கொண்டார். தபாலைப் பத்திரமாக வைத்திருந்து கொடுக்கிறார் என்று இத்தனை வருடம் அந்த மனிதருக்குக் கும்பிடு போட்டு வந்தவள் நான்.

திங்கட்கிழமை எழிலைக் கூட்டிக்கொண்டு காலேஜுக்குப் போனேன். சீட்டு போய்விட்டது, தேதி பார்த்து வரவேண்டாமா என்று கிளார்க் எங்களையே அதட்டினார். பிரின்சிபால் அம்மா கார்டில் இருந்த ஓட்டையைப் பார்த்து விசாரித்தார். யாராவது விலகினால் இரண்டாவது பட்டியலில் இவள் பெயர்தான் முதலில், ஆனால் தகவல் தபாலில்தான் வரும் என்றார். மறுபடியும் தபால். அங்கிருந்து ஸ்ரீபெரும்புதூர் தபால் ஆபீசுக்குப் போய்ப் புகார் சொன்னேன். அதிகாரி கார்டைத் திருப்பிக் காட்டி, மேற்பார்வை, அதாவது கேர் ஆஃப், நரசிம்மன் மளிகை என்று நீங்கள்தானே எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள், அங்கே சரியாகக் கொடுத்தாகிவிட்டதே என்றார். எழுதியது எழில், எழுதச் சொன்னது நான். நம் காலனியில் யார்தான் வேறு மாதிரி முகவரி எழுதியிருக்கிறோம். மார்க் எடுத்தால் போதும், உங்களுக்கு இடம் ஒதுக்கியிருக்கிறோம், வந்து படியுங்கள் என்று எல்லாரும் சொல்கிறார்களே, வா என்று கூப்பிடுகிற கடிதம் ஒரு மளிகைக் கடையைத் தாண்டி வராதென்றால் அந்த இடம் யாருக்காக.

பரிதி, அன்று ராத்திரியிலிருந்து ஒன்று என்னை அரித்துக்கொண்டிருக்கிறது. ஆறு வருடத்துக்கு முன்னால் உனக்குப் பாலிடெக்னிக்கிலிருந்து கார்டு வரவில்லை. மார்க் போதவில்லை என்று நாங்களே முடிவு கட்டிவிட்டோம், ஒழுங்காகப் படிக்கவில்லை என்று நாலு பேர் எதிரில் உன்னைத் திட்டினேன். அந்தக் கார்டு வந்ததா இல்லையா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. அம்மாவை மன்னித்துவிடு.

இப்போது நீ செய்ய வேண்டியதைக் கேள். ரிஜிஸ்டர் தபாலை உரியவர் கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும் என்று அந்த அதிகாரியே சொன்னார். அதனால் ரிஜிஸ்டருக்கு வேண்டிய ஸ்டாம்பு ஒட்டி, நம் வீட்டு முகவரி எழுதிய கவர் ஒன்றை மறுபடியும் காலேஜுக்குப் போய்ப் பிரின்சிபாலிடம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறோம். கோபால் இது தெரிந்து வழியில் என்னை நிறுத்தி, "நான் வர்றதுக்கு இன்னாம்மா, ஊர்ல பேசுவாங்கோ. பொண்ண கடையாண்ட வந்து கையெழுத்துப் போடச் சொல்லு" என்றார். அவள் வரமாட்டாள், எங்கள் வாசலில்தான் போடுவாள் என்று சொல்லிவிட்டேன். நீ இந்த வாரத்திலிருந்தே எழில் பெயருக்கு ரிஜிஸ்டர் தபால் போடு, வாரத்துக்கு இரண்டானாலும் சரி, உள்ளே வெறும் காகிதம் இருந்தாலும் சரி. முதலில் கோபால் கடையிலிருந்து ஆள் விட்டுக் கூப்பிடுவார், நாங்கள் போகமாட்டோம். திரும்பி வந்தால் மறுபடியும் போடு. காலேஜ் கவர் வருகிற நாளுக்குள் அவர் சைக்கிளுக்கு நம் தெரு பழகியிருக்க வேண்டும்.

வெயிலில் அலையாதே, கண்ட தண்ணீரைக் குடிக்காதே. நீ நீண்ட ஆயுளோடு நன்றாக இருக்க வேண்டும் என்று அப்பாவும் நானும் வேண்டிக்கொள்கிறோம். இதை ஊர்ப் பெட்டியில் போடாமல் சுங்குவார்சத்திரத்துக்கே போய்ப் போடுகிறேன். ஞாபகமாக, இனி எதிலும் மேற்பார்வை என்று எழுதாதே. கீழே இருக்கிறபடி பெரிய எழுத்தில் எழுது.

உன் அம்மா,
கோவிந்தம்மா,
மூன்றாவது வீடு, காலனி.