அந்த அக்கா போட்ட விதை

என்னங்க,

நீங்களும் பாப்பாவும் சௌக்கியமா? உங்க முதுகுவலி குறைஞ்சுதா? எனக்கு இங்க ஒரு குறையும் இல்ல.

உங்ககிட்ட சொல்லாத ஒண்ணு. எனக்கு முன்னாடி இந்தச் செடி நர்சரியில வேலை பார்த்த அக்கா, விதை பறிக்க மரம் ஏறி விழுந்து இறந்துட்டாங்க. அவங்க கடைசியா விதைச்ச தட்டுகள் பதினாலு மாசமா கொட்டகையில சும்மா கிடந்துச்சு. "எல்லாம் செத்த விதை, கொட்டிட்டுக் கழுவி வையும்மா"ன்னு போன வாரம் மேஸ்திரி சொன்னாரு. கவுக்கப் போனா, மண்ணைப் பிளந்துக்கிட்டு ஒரு வெள்ளை முளை! ரெண்டே நாள்ல முப்பத்தேழு வந்துடுச்சு. ஓடு கெட்டியான விதை, முளைக்க அவ்வளவு நாள் பிடிக்குமாம்.

"யாரும்மா தண்ணி ஊத்துனது?"ன்னாரு மேஸ்திரி. யாரும் ஊத்தல. ஆனா தினமும் காலையில அந்தத் தட்டுகள்ல மட்டும் மண்ணு ஈரமா இருக்கு. குழாய் கசியுதுன்னு சொல்றாங்க. நானும் அப்படித்தான் சொல்லிக்கிறேன். நேத்து குனிஞ்சு களை எடுக்கும்போது, "மெதுவா, வேரு அறுந்துடும்"னு பின்னாடி ஒரு குரல். "சரிக்கா"ன்னு திரும்பினேன். யாருமே இல்ல. சிரிக்காதீங்க.

உங்க பழைய முழுக்கைச் சட்டை ஒண்ணு அனுப்புங்க, வெயிலுக்குப் போட்டுக்க. துவைக்க வேண்டாம், அப்படியே அனுப்புங்க. பாப்பாவையும் ரெண்டு வரி எழுதச் சொல்லுங்க.

அக்கா விழுந்த அந்த மரம் இந்த வருஷமும் காய்ச்சிருக்கு. இன்னைக்கு மேஸ்திரி மரம் ஏறுற கயித்தை என் கையில குடுத்தாரு. "கீழ உதிர்றதைப் பொறுக்கித் தர்றேன், ஏற மாட்டேன்"னு திருப்பிக் குடுத்துட்டேன். முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டுப் போயிட்டாரு. போகட்டும். எனக்கு முழுசா வீடு வந்து சேரணும்.

மரக்கன்னு ஏத்த வண்டி வந்துடுச்சு, கூப்பிடுறாங்க.

உங்க,
பாப்பா அம்மா