கழுவிக் கொடுத்த குடம்

பலாபத்வல.

அன்புள்ள ஸஜ்ஜாத் நானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். தங்கை நிஷ்மியா எழுதுவது. பாறூக் மாமா கட்டாருக்குத் திரும்புகிறார், அவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். போனில் பேச எனக்கு மனம் வரவில்லை. ஏனென்று சொல்கிறேன்.

நம்ம மிளகுத் தோட்டத்துக்குப் பக்கத்திலுள்ள பழைய பிக்கு மடத்து இடிபாட்டில் தொல்பொருள் திணைக்களத்தார் கூடாரம் போட்டுத் தோண்டுகிறார்கள். வாப்பாவின் மம்பட்டியில் பட்ட செப்புக்குடத்துக்குப் பிறகு இன்னும் இரண்டு கிடைத்தனவாம், நிறையத் தங்கக் காசு. டீவியில் காட்டினார்கள். முதலில் கண்டெடுத்தவர் இத்ரூஸ் என்று வாப்பாவின் பெயரை யாரும் சொல்லவில்லை.

வாப்பாவைத் தெரியும்தானே. அடுத்தவர் பொருள் அமானத், அழுக்கோடு கொடுக்கக் கூடாது என்று குடத்தைக் கிணற்றடியில் தேய்த்துக் கழுவினார். மௌத்தான உம்மாவின் வெள்ளைத் துணியால் மூடி, தட்டில் ஏந்திக்கொண்டு, பிக்குகளின் பொருள் பிக்குவிடமே சேரட்டும் என்று பன்சலை ஹாமுதுருவிடம் போனார். பொலிஸோ, கழுவியவன் திறந்தும் பார்த்திருப்பான் என்கிறது. இடத்தை விட்டு எடுத்ததே குற்றமாம். வழக்கு நடக்கிறது.

பள்ளிவாசலில் நம்ம ஆட்களே, "மிச்சத்த எங்க வெச்சீங்க?" என்று கேட்டுச் சிரிக்கிறார்கள். உம்மாவை அடக்கிய கபுறையும் யாரோ கிண்டிப் பார்த்திருக்கிறார்கள், வெட்கங்கெட்டவர்கள். வாப்பா கையாலேயே மண்ணை இழுத்து மூடிவிட்டு வந்தார்.

அதையெல்லாம் தாங்கினார். போன வெள்ளிக்கிழமை நீங்கள் கேட்டதைத்தான் தாங்கவில்லை. "எனக்காவது கொஞ்சம் எடுத்து வெச்சிருப்பார்தானே, எங்கன்னு கேட்டுச் சொல்லு" என்றீர்கள். போன் ஸ்பீக்கரில் இருந்தது. வாப்பா பக்கத்தில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் விடிய சுபஹு தொழுதுவிட்டு வந்து, மம்பட்டியால் வீட்டு நிலத்தைக் கொத்தத் தொடங்கினார். மகன் வந்து தன் கண்ணால் பார்க்கட்டும் என்கிறார். நீங்கள் ஆசையாகப் போட்ட டைல்ஸ் எல்லாம் தூள். முன்னறை முடிந்துவிட்டது, இப்போது உங்கள் அறை. கை முழுக்கக் கொப்புளம். போதும் வாப்பா என்றால், "ஒனக்கும் சந்தேகமா?" என்று என் மேல் பாய்கிறார். ராத்திரியில் மண்ணில்தான் பாய் விரிக்கிறேன்.

உங்கள் மேல் எனக்கு ஆத்திரம்தான், மறைக்கமாட்டேன். ஆனாலும் ஒவ்வொரு தொழுகையிலும் அவர் உங்களுக்குத்தான் துஆ கேட்கிறார். ஒருமுறை கூப்பிடுங்கள் நானா. நம்புகிறேன் வாப்பா என்று சொல்லுங்கள். மனதில் இல்லாவிட்டால் பொய்யாகவாவது சொல்லுங்கள். ஸ்பீக்கரை நான் போட்டுவிடுகிறேன்.

அல்லாஹ் உங்களுக்கு நல்ல மனதைத் தரட்டும்.

தங்கை,
நிஷ்மியா