கோத்தகிரி வீட்டுக்கு ஒரு சிம்னி

எல்கடுவ,
18.10.1970

அன்புள்ள பரிமளத்துக்கு,

நல்லையா எழுதிக்கொள்வது. உன் கடிதம் கிடைத்தது. நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை. வேலைக்குப் போகிறேன், கிடைத்ததைச் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். அவ்வளவுதான் இங்கே நடப்பது.

மார்கழியில் கோத்தகிரிப் பக்கம் புல்லின் மேல் பனி உப்பு மாதிரிப் படியும் என்று அங்குள்ளவர்கள் பயமுறுத்துவதாக எழுதியிருந்தாய். உனக்கும் பிரசவம் மார்கழியில்தான் என்பதால், அத்தை இப்போதே சாக்கும் மண்சட்டியும் அடுப்புக்கரியும் சேர்த்து வைத்திருக்கிறார் என்றும் எழுதியிருந்தாய். அதைப் படித்ததிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அந்தச் சட்டியைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

கமலாட்சி செத்துப்போனாள். நம் லயத்து வரிசையில் பக்கத்துக் காம்பராவில் இருக்கிற இராமையாவின் பெண்சாதிதான். நீ இந்தியாவுக்குப் புறப்பட்ட அன்று உன் டிரங்குப் பெட்டியைத் தலையில் வைத்து பஸ் வரைக்கும் கொண்டு வந்தாளே, அவள்.

பிள்ளை பிறந்து மூன்றாம் நாள். விடாத மழை. பச்சை உடம்புக்காரிக்குக் காற்றுப் படக்கூடாதென்று அவள் மாமியார் கதவிடுக்கு, ஜன்னல், தகரச் சந்து என்று எல்லாவற்றிலும் சாக்கைத் திணித்திருக்கிறார். கட்டிலுக்கு அடியில் சட்டி நிறையத் தணல். கதவைச் சாத்திவிட்டு, பிள்ளையைக் குளிப்பாட்ட அடுத்த காம்பராவுக்கு எடுத்துப் போனவர், மழை விடட்டும் என்று அங்கேயே இருந்துவிட்டார். நாங்கள் மலையிலிருந்து இறங்கும்போது அவர் போட்ட கூச்சல்தான் எங்களை ஓடவைத்தது.

தீட்டு வீட்டுக்குள் ஆம்பிளை போகக்கூடாது என்று என் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். உதறிவிட்டு உள்ளே போய்ச் சாக்குகளைப் பிடுங்கி எறிந்தேன். சட்டியில் தணல் அப்போதும் சிவப்பாகக் கிடந்தது. புகை என்று ஒரு இழை இல்லை. ஆனாலும் கொஞ்ச நேரத்தில் எனக்கே தலை கிறுகிறுத்துக் கால் துவண்டது. அவள் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். கன்னம் இரண்டும் சிவந்திருந்தன. உயிரோடு இருந்தபோது அவள் முகத்தில் அப்படி ஒரு நிறத்தை நான் பார்த்ததில்லை.

மருத்துவச்சி அதைப் பார்த்துவிட்டு, 'மொகத்தப் பாருங்கடி, எப்புடிச் செவந்து கெடக்கு! மாரியாத்தாளே வந்து கூட்டிக்கிட்டா' என்றாள். பெண்கள் கும்பிட்டார்கள். இன்னொருத்தி பிள்ளையைக் காட்டி, 'பொறந்து மூணு நாளு ஆவல, ஆத்தாள முழுங்கிருச்சே' என்றாள். தோட்டத்து மருந்துக்கார ஐயா குடையை மடக்காமலே வெளியே இஸ்தோப்பில் நின்று எட்டிப் பார்த்தார். இரத்தக் குறைவு என்று எழுதிக்கொண்டு போனார். சாமியும் சும்மா இருக்கிறது, தோட்டமும் சும்மா இருக்கிறது. பழி அந்தப் பச்சைப் பிள்ளையின் தலையில்.

அந்த வாரம் எனக்குப் பங்களாவில் வேலை. வெள்ளைக்காரன் போனபிறகு பற்றவைக்காத குளிர் காயும் அடுப்பைப் புதுத் துரை பற்றவைக்கப் போய், வீடெல்லாம் புகையாகி, துரைசாணி இருமிக்கொண்டு வெளியே ஓடிவந்தாராம். அதைச் சரிசெய்ய அலுவிகாரையிலிருந்து ரவூப் என்ற மேசன் வந்திருந்தான். என் வயதுதான். நான் அவனுக்குக் கையாள். சிம்னிக்குள் கம்பை விட்டுக் கிண்டினான். மைனாக் கூடுகள் கூடை கூடையாக விழுந்தன. 'தொர, இம்புட்டு நாளா ஒங்க சிம்னியில ஒரு லயமே குடியிருந்திருக்கு. பேரு பதிஞ்சீங்களா?' என்று கேட்டான். துரைக்குச் சிரிப்பு வரவில்லை. நான் சிரிப்பை மறைக்கத் தலையைத் திருப்பிக்கொண்டேன்.

கமலாட்சி விஷயத்தைச் சொன்னதும் ரவூப் கரண்டியைக் கீழே வைத்துவிட்டான். 'அல்லாஹ்வே! மச்சான், அது ஒங்க ஆத்தாளுமில்ல, எங்க ஜின்னுமில்ல. தணல்தான். எங்க பக்கம் சுண்ணாம்புச் சூளைக்காரன் எவனும், எம்புட்டுக் குளிருன்னாலும், சூள ஓரத்துல படுக்க மாட்டான். படுத்தவன் எந்திரிக்கல. பொகன்னா கண்ணு எரியும், இருமிக்கிட்டு வெளிய பாஞ்சிருவோம். பொகையில்லாத தணல் ஒரு வார்த்த சொல்லாது. அப்புடியே தூங்க வெச்சிரும்' என்றான்.

லயத்திலும் காம்பராவுக்கொரு சிம்னி வைக்கலாமே, கல்லையும் மண்ணையும் நாங்களே சுமக்கிறோம் என்று கணக்கப்பிள்ளை மூலம் துரையிடம் கேட்டேன். 'தோட்டத்துச் செவுத்துல ஒரு கல்லு அசைஞ்சாலும் ஒனக்குப் பத்துச்சீட்டுத்தான், வேலையும் போச்சு, லயத்த விட்டுக் கெளம்ப வேண்டியதுதான்' என்று பதில் வந்தது. பங்களாவில் அடுப்பு இப்போது நன்றாக எரிகிறது. நாய் அதன் முன்னால் மல்லாந்து படுத்திருக்கிறது.

ஆனால் நீ இருப்பது உங்கள் வீடு. சுவரை உடைக்க எந்தத் துரையிடமும் கைகட்டி நிற்கவேண்டியதில்லை. நான் இலங்கைப் பிரஜைக்கு மனுப் போட்டவன் என்றும், நீ கல்யாணத்துக்கு முன்னால் மாமாவோடு இந்தியாவுக்குப் பெயர் கொடுத்தவள் என்றும் இரண்டு அரசாங்கமும் நம்மைப் புருஷன் பெண்சாதி என்று பார்க்காமல் தலை எண்ணிப் பிரித்தனவே, அதில் இந்த ஒரு நன்மையையாவது நாம் எடுத்துக்கொள்வோம். மாமா தோட்டத்தில் கல்சுவர் கட்டியவர். ரவூப் சொன்னதை எழுதுகிறேன், அவருக்குப் படித்துக் காட்டு.

அடுப்பை வெளிச்சுவரில் வைக்கவேண்டும். பலகைத் தடுப்புப் பக்கம் வேண்டவே வேண்டாம். அடியில் கல் பாவி, அந்தக் கல் அடுப்பு வாய்க்கு முன்னாலும் ஒரு முழம் நீண்டிருக்கட்டும். பொறி தெறித்தால் கல்லில் விழும், பாயில் விழாது. நெருப்புப் படும் இடத்தில் வெறும் சிமெந்து வெடித்துவிடும். களிமண்ணில் மணல் கலந்து கட்டச் சொல். நெருப்புக்கு மேலே புகை போகிற கழுத்துக் குறுகலாக, உள்பக்கம் வழவழப்பாக இருக்கவேண்டும். சிம்னி நேராக ஏறிக் கூரை முகட்டைத் தாண்டி இரண்டு மூன்று அடி நிற்கட்டும். குட்டையாக நின்றால் காற்று புகையை வீட்டுக்குள்ளேயே திருப்பி அடிக்கும். கூரைக்குள் நுழைகிற இடத்தில் கைமரமோ ஓட்டுச் சட்டமோ சிம்னியைத் தொடக்கூடாது, ஒரு சாண் இடைவெளி வேண்டும். வீடு எரிந்துபோவது பெரும்பாலும் அந்த இடத்தில்தானாம்.

கட்டியதும் ஆசைப்பட்டுப் பற்றவைத்துவிடாதீர்கள். நன்றாகக் காயவேண்டும். பிறகு சில நாள் சின்ன நெருப்பு. காய்ந்த விறகு மட்டும். ஈர விறகின் கரி சிம்னிக்குள் தார் மாதிரி ஒட்டி, பிறகு ஒருநாள் சிம்னியே பற்றிக்கொள்ளும். அதனால் கயிற்றில் சாக்குச் சுருளைக் கட்டி மேலிருந்து இழுத்து இழுத்துத் துடைக்கவேண்டும். மண்ணெண்ணெய் ஊற்றாதே. சாம்பலைத் தகர வாளியில் அள்ளி வெளியே வை, அதற்குள் தணல் உயிரோடு கிடக்கும். அடுப்பு எரியும்போது ஜன்னல் நாலு விரல் திறந்திருக்கட்டும். குளிரும்தான். பொறுத்துக்கொள்.

இங்கே கமலாட்சியின் பிள்ளையை இராமையா தொடுவதில்லை. வேலை முடிந்து வந்து கொஞ்ச நேரம் நான்தான் மடியில் வைத்திருக்கிறேன். டின்பால் குடிக்கிறது. எடை இருப்பதே தெரியவில்லை.

அத்தை மாமாவுக்கு என் வணக்கம். நீ கனமானது எதையும் தூக்காதே.

உன்,
நல்லையா


எல்கடுவ,
29.11.1970

அன்புள்ள பரிமளத்துக்கு,

உன் பதில் நேற்று வந்தது. இஸ்தோப்பில் நின்றபடியே படித்தேன். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு இன்னொரு தரம் படித்தேன்.

மாமா கல் சேர்த்து, களிமண் மிதித்து, சுவரில் கடப்பாரையை ஓங்கியபோது அத்தை குறுக்கே வந்து நின்றுவிட்டார் என்று எழுதியிருக்கிறாய். புள்ளத்தாச்சி இருக்கிற வீட்டில் சுவரை உடைத்தால் பிள்ளைக்கு ஊனம் வரும் என்றாராம். 'தீட்டு வீட்டுக்குள்ள பூந்தவன் யோசன வேறயா நமக்கு? நாலு புள்ள பெத்தேன், நாலுக்கும் தணல் சட்டிதான், செத்தா போனேன்?' என்று கேட்டாராம். கடப்பாரையைப் பிடுங்கிக் கட்டிலுக்கு அடியில் போட்டுவிட்டாராம்.

உன்னிடம் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. உனக்குத் தெரியும். இனி எழுதுவது அத்தைக்கு. சத்தமாகப் படி.

அத்தை, நீங்கள் நாலு பெற்றது லயத்தில். ஓட்டைத் தகரம், வெடித்த கதவு, ஆயிரம் சந்து. தோட்டம் நமக்கு ஒழுங்கான வீடு கட்டித் தராததால் நீங்கள் பிழைத்தீர்கள். இப்போது இருப்பது அரசாங்கம் புதிதாகக் கட்டிய வீடு. அதில் நீங்கள் சாக்கும் அடைத்தால் காற்று எங்கிருந்து வரும்? கமலாட்சியின் மாமியார் உங்களைப் போலத்தான் பாசமாக அடைத்தார். இப்போது பீலி அடியில் யாராவது தண்ணீர் பிடிக்க வந்தால் குடத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விடுகிறார். அவரை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

புள்ளத்தாச்சி இருக்கும் வீட்டில் சுவர் உடைக்கவேண்டாம். சரி, நான் வழக்கத்தை மீறச் சொல்லவில்லை. அவளைப் பக்கத்து வீட்டில் விடுங்கள். உங்களோடு கப்பலில் வந்த மஸ்கெலியாக்காரர்கள் அங்கே இருக்கிறார்கள் என்று எழுதியிருந்தாளே. துணியும் பாயும் எடுத்துக்கொண்டு போகட்டும். அப்போது அது புள்ளத்தாச்சி இருக்கிற வீடு இல்லை. மாமா சுவரை உடைத்து, கட்டி முடித்து, பூசட்டும். பிறகு கூட்டி வாருங்கள். காலையில் அலுவிகாரைக்குப் போய் ரவூபிடம் இதைச் சொன்னபோது, 'ஒங்க மாமியாருக்கு நீ வக்கீலுக்குப் படிச்சிருக்கணும் மச்சான்' என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

காய்வதற்குள் பிள்ளை பிறந்துவிட்டால் அந்த அடுப்பில் பெரிய நெருப்புப் போடவேண்டாம். சட்டியும் வேண்டாம். போத்தல்களில் சுடுதண்ணீர் ஊற்றி இறுக மூடித் துணி சுற்றி அவள் காலடியில் வையுங்கள். வெளி அடுப்பில் செங்கல்லைச் சுடவைத்துத் துணியில் சுற்றி வையுங்கள். ஆறினால் மாற்றுங்கள். இரவெல்லாம் எழும்பி மாற்றுவது கஷ்டம்தான். அங்கே நான் இருந்தால் நான் மாற்றுவேன். இல்லை. அதனால்தான் உங்களைக் கேட்கிறேன்.

இன்னொன்று. போன கிழமை கண்டிக் கந்தோருக்குப் போய், இலங்கைப் பிரஜைக்குப் போட்ட மனு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். இந்தியாவுக்கு எப்போது போகலாம் என்று கேட்டேன். 'அதெல்லாம் சொல்லேலாது தம்பி. இங்க நீ இல்லன்னு எழுதிக் குடுத்தாச்சு. அங்க நீ ஆளுன்னு அவங்க சொல்லணும்' என்றார் கிளார்க். ஆக, இப்போதைக்கு நான் எந்த நாட்டு ஆளும் இல்லை. மார்கழிக்கு வரமுடியாது. அடுத்த மார்கழிக்கா என்றும் தெரியாது.

அத்தை, தீட்டு வீட்டுக்குள் போனவன், வாயாடி, பெண்சாதியைத் தனியாகக் கப்பலேற்றியவன் என்று என் மேல் உங்களுக்கு உள்ள கோபத்தையெல்லாம் பத்திரமாக வைத்திருங்கள். நான் வந்து சேரும் நாளில் வாசலிலேயே நிறுத்தி, ஊரைக் கூட்டி ஏசுங்கள். எவ்வளவு நேரமானாலும் தலையைக் குனிந்து நின்று கேட்பேன். 'போதும்மா, அவர உள்ள விடு' என்று சொல்வதற்கு அவள் இருக்கவேண்டும்.

உங்கள் மருமகன்,
நல்லையா