ஒத்துக்கொண்டவருக்கு என்ன அப்பீல்?

சின்னக்குட்டி,

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். வெளியே போனால் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடு. மேல்கோர்ட்டில் அப்பாவின் தண்டனையை நாலு வருஷத்திலிருந்து இரண்டாகக் குறைத்துவிட்டார்கள். இரண்டு முடிந்துவிட்டதால் இன்றே விடுகிறார்கள், கூட்டிவரப் போகிறேன்.

“குத்தத்தை ஒத்துக்கிட்டவருக்கு அப்பீல் எதுக்கு?” என்று அன்றைக்குக் கத்தினாய். குற்றமே செய்யவில்லை என்றா கேட்டோம்? தண்டனை அதிகம் என்றுதான் கேட்டோம். “பிரேக் பிடிக்கலைன்னு சொல்லிடு” என்று மற்ற பஸ் டிரைவர்கள் சொல்லியும், “நான்தான் கண்ணசந்துட்டேன்” என்று முதல் நாளே சொன்ன மனுஷர் உன் அப்பா. நீ தலைநிமிர்ந்து நட.

பி.கு.: விபத்தில் காலை இழந்த தையல்காரர் நாலு மணிக்கு அப்பாவைப் பார்க்க வருகிறார். தண்டனையைக் குறைக்கச் சொல்லிக் கோர்ட்டுக்கு அவரும் எழுதிக்கொடுத்தார். கைப்பிடி வைத்த நாற்காலியை வாசலுக்குக் கிட்டப் போட்டுவை.

அம்மா