மூன்று ஒன்ஸ் மோர்

நண்பா,

உன் காரியம் முடிந்த மறுநாள் உன் மனைவி ஒரு பிஸ்கட் அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தார். மூடியைத் திறந்ததுமே அந்துருண்டை வாசனை மூக்கில் ஏறியது. பட்டுப்புடவைக்குப் போடுவதுபோல் கேசட்டுக்கு அந்துருண்டை போட்டு வைக்கிற ஆளை உன்னைத் தவிர நான் பார்த்ததில்லை. “ஏழு வருஷமா அவரு இதத் தொடவே இல்லண்ணா. நீங்களாவது கேளுங்க,” என்றார்.

உள்ளே இருந்ததெல்லாம் யாருக்கும் வேண்டாத நாடகங்கள். பாட்டும் வசனமுமாக நாலு ஊர் மேடையேறி, பிறகு பேர்கூட மறந்துபோனவை. நடித்தவர்களே பாடி அந்தக் காலத்தில் இசைத்தட்டு செட்டாக வந்ததை எங்கெங்கோ தேடிப் பிடித்து, கேசட்டில் ஏற்றி வைத்திருந்தாய். ஞாயிறு காலையில் அவற்றை ஒரு மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு இரும்புலியூருக்கு, என் வீட்டுக்கு வந்துவிடுவாய். நல்ல டேப் ரெக்கார்டர் என்னிடம்தான் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு கேட்பாய். “அந்த ராணிக்கு மூச்சு வாங்குது பாரு. ஓடி வந்து பாடியிருக்காடா,” என்பாய். எனக்குக் கேட்டது கரகரப்பு மட்டும்தான். பாதி நேரம் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

கடைசியாகப் போடுவது எப்போதும் நம் கேசட். நம் ஆபீஸ் நாடகக் குழு தாம்பரத்தில் ஒரே ஒரு தடவை போட்ட ‘மதுரவல்லி கல்யாணம்’. நாடிழந்து காட்டுக்குப் போகிற ராஜா நீ. அந்த வேஷத்தை நானும் கேட்டிருந்தேன், ஞாபகம் இருக்கிறதா? ஆர்மோனியம் வாசித்தவர் என்னை இரண்டு வரி பாடவிட்டு, “தகர டப்பால கல்லு போட்டு ஆட்டுற மாதிரி இருக்கு சார் உங்க குரல். நீங்க டேப் பண்ணுங்க,” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். அதனால் நாடகத்தன்று முதல் வரிசையில் டேப் ரெக்கார்டரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வயிறு எரிந்துகொண்டிருந்தது. இனிமேல் அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

நீ பாடி முடித்து உள்ளே போனதும், பக்கத்தில் இருந்த நம் செக்‌ஷன் ஆட்களிடம், “ஒன்ஸ் மோர் கத்துங்கடா. நெஜம்னு நம்பி மறுபடியும் பாடுவான் பாரு,” என்றேன். கத்தினார்கள். ஒன்ஸ் மோர் என்று கேட்டுவிட்டால் செத்துக் கிடக்கிறவன்கூட எழுந்து பாடிவிட்டுத் திரும்பச் சாகவேண்டும் என்பது மேடை மரியாதை. நீ காட்டிலிருந்து திரும்பி வந்து, ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் பாடினாய். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். மறுபடி கத்தினோம். மறுபடியும் வந்து பாடினாய். அதன் பிறகு பின்னால், பாய் விரித்து உட்கார்ந்திருந்த கூட்டத்திலிருந்து ஒரு பெண் குரல் வந்தது. “இன்னொரு தபா பாடு நைனா! மன்சு கேக்கல!” அதற்கும் பாடினாய்.

அந்த மூன்று ஒன்ஸ் மோரைக் கேட்கத்தான் நீ ஞாயிறுதோறும் வந்தாய். “கைதட்ட ஆள் செட் பண்ணலாம்டா. ஒன்ஸ் மோர் தானா வரணும்,” என்று ஒரு சித்தாந்தமே வைத்திருந்தாய். அந்தப் பெண் குரல் வரும்போது மட்டும் கண்ணைத் திறப்பாய். “பூக்காரம்மாவா இருக்கும். அந்தம்மா யாரு, நான் யாரு?”

நான் குசுகுசுத்ததும் அதே டேப்பில் பதிந்திருந்தது. அந்த இடம் வரும்போது வால்யூமைக் குறைத்துவிட்டு இருமுவேன். ஐந்து வருஷம் இருமினேன். பாவம், நீ ஒருநாள் வீட்டிலிருந்து ஆடாதோடைக் கஷாயம் வைத்துக் கொண்டுவந்தாய். அதையும் குடித்தேன்.

பிறகு, தெற்கே ஊர் ஊராகப் போகிற ஒரு நாடகக் கம்பெனியில் சேரப்போகிறேன், வேலையை விடுகிறேன் என்று ஆரம்பித்தாய். உன் மனைவி என் வீட்டு வாசலில் வந்து அழுதார். “ரெண்டு பொண்ணு இருக்குண்ணா. ராஜினாமா லெட்டர் எழுதி வச்சிருக்காரு. நீங்க சொன்னா கேப்பாரு.”

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் இருமவில்லை. வால்யூமை முழுக்கத் திருப்பினேன்.

என் குரல் தெளிவாகவே வந்தது. நீ டேப் ரெக்கார்டரையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

“இது நீயா?”

“நான்தான்.”

“அப்ப ரெண்டாவது?”

“அதுவும் நாங்கதான்.”

பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. நீ எதற்காகக் காத்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். அந்த அம்மாவின் குரல் வந்ததும் உன் முகத்தில் கொஞ்சம் உயிர் வந்தது. “இது?” என்றாய்.

நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. “அதுவும் செட்டப்தாண்டா. அந்தம்மாவுக்கு டீ வாங்கிக் குடுத்துக் கத்தச் சொன்னோம்.”

நீயே கேசட்டை வெளியே எடுத்து, டப்பாவில் போட்டு மூடினாய். “தேங்க்ஸ்டா,” என்று சொல்லிவிட்டுப் போனாய். அதன்பின் எந்த ஞாயிறும் வரவில்லை.

லெட்டரைக் கிழித்துப் போட்டாய் என்று கேள்விப்பட்டேன். தாம்பரம் பிளாட்பாரத்தில் பார்த்தால் டி.ஏ. பற்றியும் டிரான்ஸ்ஃபர் பற்றியும் உப்புச்சப்பில்லாமல் பேசிக்கொண்டோம். குளிக்கும்போதுகூட நீ வாய் திறந்து பாடுவதில்லையாம். உன் மனைவி அதை ஒரு நல்ல செய்திபோலத்தான் சொன்னார். “அன்னிக்கு நீங்க சொல்லலேன்னா நாங்க தெருவுல நின்னிருப்போம்ணா.” பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டினவன் நான். அவர் கொடுத்த காபியை வாங்கிக் குடித்தேன்.

நேற்று மத்தியானம் அந்தக் கேசட்டைத் தனியாகப் போட்டுக் கேட்டேன். முதல் தடவை நீ சுமாராகத்தான் பாடியிருக்கிறாய். இரண்டாவது தடவை குரல் இறங்கி உட்கார்ந்துவிட்டது. மூன்றாவது தடவை நம் செக்‌ஷன் ஆட்கள் சிரிப்பதை நிறுத்திவிட்டார்கள். இதை நேற்றுத்தான் கண்டுபிடித்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன். அன்று முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கும்போதே எனக்குத் தெரியும்.

அந்த அம்மாவுக்கு நாங்கள் டீ வாங்கிக் கொடுக்கவில்லை. அவர் பூக்காரம்மாவா, யார் என்றே எனக்குத் தெரியாது. உன்னை வேலையை விடாமல் பண்ணுவதற்கு முதல் இரண்டே போதும். மூன்றாவதையும் உன்னிடமிருந்து பிடுங்கியது உன் பெண்களுக்காக இல்லை. என்னை யாரும் எதற்கும் இன்னொரு தபா என்று கேட்டதில்லை, அதற்காக. இப்போது அந்தக் குரல் என்னிடம் இருக்கிறது. டேப்பை நிறுத்தினாலும் நிற்பதில்லை. அது என்னைக் கூப்பிடவும் இல்லை.

இந்த ஏழு வருஷத்தில் எந்த ஞாயிற்றுக்கிழமை வேண்டுமானாலும் வந்து இதைச் சொல்லியிருக்கலாம். உன் வீடு சைக்கிளில் பத்து நிமிஷம்.