ஆற்றோரத்து நூற்றுப் பன்னிரண்டு வீடுகள்

இன்றைக்குக் காலையில் ஆள்காட்டி விரலைச் சுட்டுக்கொண்டேன். கேபிளில் ஒரு கம்பி விட்டுப்போயிருந்தது, மறுபடி ஈயம் வைத்தேன். சூடு ஏறியிருக்காது என்று நினைத்துத் தொட்டுவிட்டேன். சமையலறை முழுக்க அந்தப் புகை. எதிர் ஃபிளாட்டில் ஜன்னலைப் படாரென்று சாத்தினார்கள். சாத்தட்டும். அவர்கள் வீட்டுக் கருவாட்டு வாசனையை நான் இருபது வருஷமாகப் பொறுத்துக்கொள்ளவில்லையா? அந்தப் புகை மூக்கில் ஏறினதும் நீ வந்து நின்றாய். ரிட்டயர் ஆனவள் உனக்கு எதற்கடி இந்த வேலை என்று கேட்பாய். சொல்கிறேன்.

நீ கண்ணை மூடி ஒன்றரை வருஷம் ஆகிறது. சைதாப்பேட்டை ஆற்றோரத்திலிருந்து உன்னைக் கிளப்பி, ஊருக்கு வெளியே ஒரு அடுக்குமாடியில் கொண்டுபோய் வைத்தார்கள். அங்கிருந்து டயாலிசிஸுக்கு வருவதற்குள் பாதி உயிர் போய்விடும் என்று சிரித்துக்கொண்டே சொல்வாய். அப்படியே ஆயிற்று. அதை நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கப்போவதும் இல்லை.

இரண்டு மாதத்துக்கு முன்னால் செல்வி என்னைத் தேடி வந்தாள். உங்கள் பின்வரிசை முனியம்மாவின் மகள். மிச்சமிருந்த அந்த வரிசையையும் இடித்துவிட்டார்கள். மற்றவர்களுக்கு வீடு ஒதுக்கியவர்கள், செல்விக்கு மட்டும் இல்லை என்றார்களாம். அவள் குடும்பம் சமீபத்தில் வந்து ஒட்டிக்கொண்ட குடும்பமாம், பழைய ஆதாரம் எதுவும் கிடையாதாம். இருந்த ரேஷன் கார்டும் வெள்ளத்தில் போய்விட்டது. இரண்டு பிள்ளைகளோடு அக்கா வீட்டு வராண்டாவில் படுத்திருக்கிறாள்.

"அக்கா, உங்க சிநேகிதி அப்போ வூடு வூடா வந்து எழுதிக்கினு போனாங்களே, எங்கம்மா பேரு அதுல கீது. அது இப்ப எங்க கீது?" என்று கேட்டாள். அது என் வீட்டுப் பரணில்தான் இருந்தது.

உனக்கு ஞாபகம் இருக்கும், அண்ணன் வெளிநாடு போகும்போது விட்டுவிட்டுப்போன கம்ப்யூட்டர். பெட்டி கிடையாது, கீபோர்டுக்குள்ளேயே எல்லாம் அடக்கம். டி.வி.யில் படம் தெரியும், பாட்டு கேசட்டில் எழுதிவைத்துக்கொள்ளும். கூடவே ஊரைக் கூட்டுகிற சத்தத்தோடு அந்த பிரிண்டர். டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் பக்கத்து மெஷினில் உட்கார்ந்தவள் என்று உன்னை வீட்டுக்கு அழைத்து வந்தேன். நீ அதைப் பார்த்த மூன்றாவது வாரமே பழைய நோட்டோடு வந்துவிட்டாய். கணக்கெடுக்க வந்தவர்கள் உங்கள் வரிசைகளுக்குள் இறங்காமல் ரோட்டிலிருந்தே திரும்பிப் போயிருந்தார்கள். யார் படிக்கப்போகிறார்கள் இதையெல்லாம் என்று நான் கேட்டேன். "அவன் எண்ணலன்னா நாம இல்லன்னு ஆய்டுமா? நாமளே எண்ணிக்கலாம்" என்றாய். நீ நோட்டைப் பார்த்துப் படிக்க, நான் அடித்தேன். குடும்பத் தலைவர், எத்தனை பேர், எத்தனை வருஷமாக இருக்கிறார்கள். நூற்றுப் பன்னிரண்டு வீடு.

பரணிலிருந்து இறக்கினபோது இவர் தலையில் அடித்துக்கொண்டார். பழைய சாமான்காரனைக் கூப்பிட்டால் கிலோ கணக்கில் எடுத்துக்கொள்வான் என்றார். நான் தூசியைத் துடைத்தேன். மின்சாரம் கொடுத்ததும் பீப் என்றது. எத்தனை டி.வி. மாற்றிப் பார்த்தும் படம் மட்டும் வரவில்லை. உள்ளே உயிர் இருக்கிறது, கண்தான் போய்விட்டது. இனி அதன் வாயிலிருந்து வாங்க பிரிண்டர் ஒன்றுதான் வழி. அந்தக் கேபிளையோ எலி கடித்துத் துப்பியிருந்தது.

ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடையில் ஒரு பையன் என்னை ஏற இறங்கப் பார்த்து, இதற்கு யு.எஸ்.பி. கிடையாதா மேடம் என்றான். கிடையாது தம்பி, கம்பியைக் கொடு என்றேன். ரிப்பனும் ஒன்று கிடைத்தது. கம்ப்யூட்டர் பக்கம் ஐந்து துளை உள்ள வட்டம், பிரிண்டர் பக்கம் இருபத்தைந்து ஊசி. அதில் நமக்கு வேண்டியது மூன்றே மூன்று. அனுப்புகிற கம்பியை அங்கேயும் அனுப்புகிற ஊசியிலேயே வைத்துவிட்டேன். நாள் முழுக்க ஒரு சத்தமும் இல்லை. அப்புறம்தான் உறைத்தது, இவன் பேசுகிற கம்பி அவன் கேட்கிற இடத்துக்குப் போக வேண்டும். மாற்றி வைத்தேன். கேசட்டைப் போட்டேன். கீச்சென்று கத்திவிட்டு நின்றது. நின்றால் ஏறிவிட்டது என்று அர்த்தம். கண்ணை மூடிக்கொண்டு அடிக்கிற மாதிரி கட்டளையை அடித்தேன். பிரிண்டர் உதறிக்கொண்டு கிளம்பியது. நான் அழவில்லை. எழுந்து நின்று கைதட்டினேன்.

பத்து வீடு அச்சாகி நின்றது. மாட்டிக்கொண்டதோ என்று பயந்து ஸ்பேஸ் பட்டனைத் தட்டினேன், ஓடியது. விடாமல் தட்டிக்கொண்டே இருந்தேன். வந்த தாளைக் கிழித்தெடுத்துப் பார்த்தேன். முப்பதாவது வீட்டுக்கு மேல் பெயர்கள் எல்லாம் கடித்துத் துப்பின மாதிரி. முனியம்மாவில் பாதியைக் காணோம். கடைசிப் பக்கத்தில் இருந்த எண்ணிலும் நடுவில் எழுத்துகள் இல்லை. எனக்கு வேண்டியதே அந்த எண்தான். அன்று நீ பட்டியலைக் குடிசைக்காரர்களுக்கு வீடு ஒதுக்குகிற அலுவலகத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு அவர்கள் போட்டுக் கொடுத்த பதிவு எண். முத்திரை வைத்த காகிதம் வெள்ளத்தில் போய்விட்டது. ஆனால் நீ அன்று சாயங்காலமே திரும்பி வந்து அந்த எண்ணைப் பட்டியலின் அடியில் அடிக்கச் சொல்லி, இன்னொரு தடவை கேசட்டில் ஏற்றவைத்தாய். இது என்ன லாட்டரிச் சீட்டு நம்பரா என்று நான் கிண்டல் செய்தேன்.

அன்றைக்கு முழுக்கத் தாளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். குழம்பு அடிப்பிடித்தது. அப்போதுதான் என் மணிக்கட்டை நீ பிடித்துக்கொள்வது ஞாபகம் வந்தது. அடித்து முடிப்பதற்குள் மேலே மேலே அனுப்பினால் எழுத்துகள் தவறிப்போகும்; பிரிண்டர் தனக்கு மூச்சு முட்டுகிறது என்று சொல்ல நாலாவதாக ஒரு கம்பி வேண்டும், நம் கம்ப்யூட்டரில் அந்தத் துளை அப்போதே உடைந்துபோயிருந்தது. அதனால்தான் பத்துப் பத்து வீடாக நிறுத்தச் சொல்லி எழுதிக்கொண்டோம். திரையில் பொறு என்று வரும், இப்போது திரையே இல்லை. எனக்கு எப்போதும் அவசரம். நீ கையைப் பிடித்து, "இருடி. அது அடிச்சி முடிக்கட்டும், அப்பறம் தட்டு" என்பாய். மறுநாள் காலையில் இடது கையால் வலது கையைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்தேன். பத்து வீடு. தலை ஓடி ஓய்ந்து, தாள் நின்று, சத்தம் அடங்கின பிறகு ஒரு தட்டு. அடுத்த பத்து. அறுபத்து மூன்றாவது வீடு முனியம்மா, ஐந்து பேர். நூற்றுப் பன்னிரண்டும் வந்தது. பதிவு எண் ஒரு எழுத்துக் குறையாமல் வந்தது.

அதற்குக் கீழே எண்ணியவர் ஒன்று என்று உன் பெயர். எண்ணியவர் இரண்டு என்று போட்டு வெறும் புள்ளிகள்.

அந்தப் புள்ளிகளை அடித்ததும் நான்தான். கையெழுத்துக்கு இரண்டு பேர் வேண்டும், நீயும் போடு என்றாய். பாங்கு பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்த நேரம் அது. சர்க்காரோடு வம்பு என்று யாராவது எழுதிப்போட்டால் வேலை போய்விடும் என்று எனக்குப் பயம். நான் அங்கே குடியிருக்கவில்லையே என்று சொல்லித் தப்பித்தேன். சண்டை போடுவாய் என்று பார்த்தேன். "சரி, எடம் வுட்டு வைக்கிறேன்" என்று மட்டும் சொன்னாய். வேலை கிடைத்தது, வீடு வாங்கினேன், பென்ஷனும் வருகிறது. வெட்கமாக இருக்கிறது.

செல்வியோடு அலுவலகத்துக்குப் போனேன். மேசைக்காரர் தாளைத் தொடாமலே பார்த்தார். இதையெல்லாம் யார் வேண்டுமானாலும் அடித்துக்கொண்டு வரலாம் என்றார். யார் வேண்டுமானாலும் அடிக்கலாம், பதிவு எண் உங்கள் ஆபீஸ்தான் கொடுக்க முடியும், அந்த ஃபைலை எடுங்கள் என்றேன். பழைய கட்டெல்லாம் எங்கேயோ கிடக்கிறது, கிடைக்காது என்றார். கிடைக்கவில்லை என்றால் அதையும் எழுத்தில் கொடுங்கள், வாங்கிக்கொண்டுதான் போவேன் என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்க யாரும்மா? நீங்க அங்க குடியிருக்கலையே?"

என் வாயிலிருந்து வந்த அதே வார்த்தை. செல்வியிடம் பேனாவை வாங்கி, அந்தப் புள்ளிகளின் மேல் என் பெயரை எழுதி, கையெழுத்துப் போட்டேன்.

"நூத்திப் பன்னெண்டு வீட்டையும் எண்ணி அடிச்சதுல நான் ஒருத்தி. இன்னொருத்தி இப்போ உயிரோட இல்லை. இனிமே எல்லாத்துக்கும் என்னைக் கேளுங்க."

நாலு முறை அலையவிட்டார்கள். ஐந்தாவது முறை ஃபைல் வந்தது. நீ கொடுத்த பட்டியல், அவர்களுடைய முத்திரையோடு, அறுபத்து மூன்றாவது வீடு முனியம்மா. செல்வியின் மனுவை ஏற்றுக்கொண்டோம் என்று எழுத்தில் கொடுத்தார்கள். சாவி இன்னும் வரவில்லை, வரும்வரை விடமாட்டேன். விஷயம் தெரிந்து இன்னும் ஒன்பது குடும்பம் என் வீட்டுப் படியேறியிருக்கிறது. இவர் காபி போட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். அவர்களுக்குப் பிரதி எடுக்கத்தான் இன்றைக்குக் கேபிளைச் சரிசெய்தேன்.

நீ இருந்து பார்த்திருக்க வேண்டும் என்று நான் எழுதமாட்டேன். நீ இருந்திருந்தால் அந்த மேசைக்காரர் இன்னும் சீக்கிரம் எழுந்து ஓடியிருப்பார், அவ்வளவுதான். உன் கோபம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது, ஒரு சொட்டுக் குறையவில்லை. எனக்கென்று இடம் விட்டு வைத்திருந்தாய். வந்து சேர எனக்கு முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. வந்துவிட்டேன், இனி யார் சொன்னாலும் எழுந்திருக்கப்போவதில்லை.